பட்டியலில் இல்லாத வீடு

28/9 ஞாயிறு

விடியவே தூறல். குடையில் ஒரு கம்பி போய்விட்டது. கண்டிக்கு வந்து பன்னிரண்டாம் நாள், இன்றுதான் மாதா கோயிலுக்கு. தனியாக. பக்கவாதம் வந்த பிறகு என் கணவரால் படி ஏற முடியாது. இங்கே ஐம்பத்திரண்டு படி. எண்ணினேன். நடக்க முடியாதவன் வரவே கூடாது என்று கட்டியிருக்கிறார்கள்.

தமிழ்ப் பூசை இருபது நிமிடம் பிந்தி. வாசகம் வாசித்த பெண்ணுக்கு எங்கே மூச்சு விடுவது என்றே தெரியவில்லை. முப்பது வருடம் தமிழ் படிப்பித்த காதுக்கு இது தண்டனை. ஆணும் பெண்ணும் கலந்து உட்காருகிறார்கள். நான் எங்கள் ஊரில் போல, பெண்கள் பக்கம் என்று வலது பக்கத்து முன் வாங்கில் போய் உட்கார்ந்தேன். ஒருத்தி தோளில் தட்டினாள். "அது பாடுறவங்க வாங்கு. பின்னுக்குப் போய் உக்காருங்க."

பாடியது நாலு பேர். வாங்கு எட்டுப் பேருக்கு.

முடிந்ததும் அவளே கொப்பியோடு வந்தாள். பெயர் புளோரா. மஹய்யாவை ஏற்றத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த மேல் வீடாம். "யாழ்ப்பாணத்து டீச்சர்தானே? நம்ம தெரு செபக் குழுவுல பேரு எழுதிக்கவா?"

"வேண்டாம். நாங்கள் வைத்தியத்துக்கு வந்தனாங்கள். நிரந்தரமா இருக்கப் போறேல்லை."

கொப்பியைப் பட்டென்று மூடினாள். நல்லது.

வாங்க: மிளகு, பிரஷர் குளிசை, குடை திருத்த.

5/10 ஞாயிறு

வெயில். பின் வாங்கு.

ஃபாதரின் அறிவித்தல்: செபமாலை மாதம். மாதா சுரூபம் தினமும் பின்னேரம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிறது. இந்த வாரம் எங்கள் தெரு. எந்த வீட்டில் இறக்கி வைக்கிறார்களோ, அன்றிரவு அங்கேதான் தங்க வேண்டும். நடுவில் இறக்கக் கூடாது, அது இந்தப் பங்கின் வழக்கமாம். எதற்கும் ஒரு சட்டம்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நாக்குப் புரளாமல், வியர்த்து, கடைசியில் கேட்டே விட்டார். "இஞ்ச... எப்ப வாறா?"

எட்டு மாதமாகக் கோயில் வாசல் மிதிக்காத மனுசன். நோய் வந்த பிறகு வாய் திறந்து கேட்ட முதல் காரியம்.

6/10 திங்கள்

கோயில் பலகையில் பட்டியல். புதன் கீழ் வீடு. வியாழன் புளோரா வீடு. நடுவில் இருக்கும் நாங்கள் இல்லை.

புளோராவிடம் போனேன். மாப் பிசைந்த கையோடு வாசலில் நின்றே பேசினாள். "நீங்கதானே வேணாமுன்னீங்க?"

"ஒரு நாள் தள்ளிப் போடேலாதோ?"

"முப்பத்தோரு நாளுக்கும் வீடு போட்டாச்சு. அடுத்த வருசம் பாப்போம் டீச்சர்."

அடுத்த வருசம். டொக்டருக்கே தெரியாதது இவளுக்குத் தெரிகிறது. அவருக்காகத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வீம்பு. அவளைவிட என் மேல்தான் ஆத்திரம்.

8/10 புதன்

மழை. பிசியோவுக்குப் போய்வர முச்சக்கர வண்டி. திரும்பும்போது மறுபடி கேட்டார். "நாளைக்கு," என்றேன். பச்சைப் பொய்.

9/10 வியாழன்

மூன்று மணிக்கே வெள்ளைச் சேர்ட் போட்டுவிடச் சொல்லி இடது கையைத் தூக்கினார். பொத்தான் பூட்டிவிட்டேன். முன் அறையில் கதிரை போட்டு அவரை உட்கார வைத்தேன். சின்ன மேசை, வெள்ளைத் துணி, மெழுகுதிரி. மேல் வீட்டில் கடலை தாளிக்கும் வாசம்.

ஐந்தரைக்குப் பாட்டுச் சத்தம். கூடவே மழை. சுரூபம் புளோராவின் கையில், மேலே பொலித்தீன். படலையைத் திறந்து நடு வழியில் நின்றேன்.

"தள்ளுங்க டீச்சர், மாதா நனையுது."

"நனையுதெண்டால் உள்ளுக்கு வாங்கோ. மழை விடட்டும்."

அத்தனை பேர் முன்னால் அவளால் மறுக்க முடியவில்லை. பதினைந்து பேர், சேற்றுக் காலோடு. புளோரா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்தபடியே நின்றாள், இறக்கவில்லை. விவரமானவள். மழையும் விடவில்லை. பத்து நிமிடத்தில் கை மாற்றி மாற்றிப் பிடிக்கத் தொடங்கினாள்.

"தாங்கோ, கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறன்."

தந்தாள். வாங்கிய கையோடு மேசையில் வைத்தேன்.

"இறக்கிட்டீங்களே," என்றாள்.

"ஓம். இனி இங்கதான் தங்கவேணும். உங்கட வழக்கம்தானே."

அவள் வாய் திறக்கும்போதுதான் கதிரைப் பக்கம் பார்த்தாள். அவர் இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். நெற்றி சரி, நெஞ்சு சரி, வலது தோளுக்குக் கை எட்டவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"சொல்லவே இல்லியே நீங்க," என்றாள். அவ்வளவுதான்.

செபமாலை இங்கேயே. பிறகு வீட்டுக்குப் போய்க் கடலைச் சட்டியைத் தூக்கி வந்து டொக்கென்று மேசையில் வைத்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். அவருக்கு நசித்துக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை.

10/10 வெள்ளி

வெயில். பட்டியல் முழுவதும் ஒரு நாள் தள்ளிப் போகிறது. கடைசி வீட்டுக்காரருக்கு நவம்பர் முதலாந் தேதி. தெரு முழுக்க என் பெயர் நாறும். நாறட்டும்.

அவர் இன்று எதுவும் கேட்கவில்லை. மேசையைப் பார்த்தபடி இருக்கிறார்.

பத்து மணிக்குப் புளோரா, கொப்பியோடு, படலைக்கு வெளியே. முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அடுத்த வருசம் இருப்பீங்களா?"

"ரெண்டு பேரும் இருப்பம்," என்றேன். சத்தம் கூடிப்போய்விட்டது.

கொப்பியில் எங்கள் பெயரை எழுதினாள். சட்டியைக் கேட்டாள். கழுவவில்லை, பிறகு தருகிறேன் என்றேன்.