வாசலோரத்து முக்காலி

12 செப்டெம்பர், வெள்ளி

காலையிலிருந்து மழை. எஸ்-பான் ரயிலில் நனைந்த நாய் நாற்றம். வேலை முடிந்து நேரே சபை மண்டபம்.

திரித்துவத்தை ஏற்காத இந்த ஜெர்மன் யூனிட்டேரியன் சபையில், எங்கள் இளையோர் சங்கத்தின் வரலாற்றை ஞாயிறு விழாவில் வாசிக்க வேண்டும். எழுதியது நான். மன்னார்க் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. வேறு ஆள் கிடைக்கவில்லை போலும்.

வாங்க: மெழுகுதிரி, கடலைமா, அம்மாவின் மூட்டுவலிக் களிம்பு.

சபைத் தலைவர் பி. என் பிரதியில் ஒரு பக்கத்தை முழுதாக வெட்டியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர் முடிந்தும் சபைப் பெரியவர்கள் இரத்தம், இனம் என்ற நாஜிக் காலப் பிரசங்கத்தை விடவில்லை. பொறுக்காமல் இளையோர் வெளியேறி, ஒரு படகுக் கொட்டிலில் தனியாகக் கூடினார்கள். அந்தப் பக்கம்தான். அதற்குப் பதில் அவர் எழுதியது: "சில ஆண்டுகள் இடைவெளி."

இடைவெளியாம்! பத்திக்கொண்டு வருகிறது.

13, சனி

பி.யோடு தொலைபேசி. "விழா நாளில் எதற்கு இந்தப் பேச்சு? அப்படிப் பிரசங்கித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். பேரப்பிள்ளைகள் முன்வரிசையில் இருப்பார்கள்."

"அவர்களுக்கும் தெரியட்டும்" என்றேன். வைத்துவிட்டார். மண்டபத் திறப்புச் சாவி அவர் கையில். வாசித்தால் சங்கத்துக்கு இனி இடமில்லாமல் போகலாம். போகட்டும். கொட்டிலா கிடைக்காது?

லேனா, என்னோடு சங்கம் நடத்துபவள், சொன்னாள்: "முக்காலி இருக்கிறதே."

கொட்டில் காலத்து வழக்கம். வாசலோரத்து முக்காலியில் இருப்பவர் தானாக எழும்பும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. பெரியவர்கள் வாயை அடைத்ததால் வந்த ஏற்பாடு. இப்போது பாத்திரம் கழுவும் சண்டைக்குத்தான் உதவுகிறது.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி ஒண்டும் வேண்டாமெண்டால் அங்கை ஆரைக் கும்பிடுறனீங்கள்?"

"கும்பிடுறேல்லை அம்மா. கதைக்கிறனாங்கள்."

"அந்த முக்காலி மட்டும் நல்லது. வீட்டுக்கும் ஒண்டு வாங்கு. உன்ரை அப்பர் என்னை ஒரு கதை முடிக்க விடுறவரே?"

நாளைக்கு வரச் சொன்னேன். "பூசை முடியட்டும், பாப்பம்."

14, ஞாயிறு

வெயில். மண்டபம் நிறைய. அம்மா பூசைச் சேலையோடு கடைசி வரிசையில்.

என் முறை. மேடைக்குப் போகவில்லை. முக்காலியில் போய் இருந்தேன். வெட்டிய பக்கத்தைத்தான் முதலில் எடுத்தேன். நிதானமாக வாசித்தேன்.

பாதியில் பி. எழுந்தார். "நன்றி, நேரம் போதாது. இனிப் பாட்டு." சிலர் கைதட்டத் தொடங்கினார்கள், என்னை முக்காலியிலிருந்து எழுப்பிவிடும் கைதட்டல். லேனாவும் தலையைக் குனிந்துவிட்டாள்.

பின்னால் கதிரை இழுபடும் சத்தம். அம்மா எழுந்து நிற்கிறார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பழகிய ஜெர்மனில், உரக்க:

"ஐயா, பிள்ளை இன்னும் எழும்பவில்லை. நீங்கள் இருங்கள்."

பி. இருந்தார்.

மீதியை வாசித்தேன். முடிந்த பிறகும் எழும்பவில்லை. பாட்டு காத்திருக்கட்டும்.