சுவர் வழியாகப் போன அக்காவுக்கு

என் அருமை அக்கா,

வீட்டை விற்றாயிற்று. சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நீ பிறந்து, வேலைக்குப் போய் வந்து, கல்யாணமே வேண்டாமென்று பிடிவாதமாக இருந்து, கடைசியில் கண் மூடிய வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் தாத்தா கட்டியது, பக்கத்தில் பூங்கா வருவதற்கு முன்பே நின்றது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வாயே, அந்த வீடுதான்.

தம்பியைக் குறை சொல்லி எழுதவில்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்துகொண்டு இதையும் அவன் எத்தனை நாள் கட்டி மேய்ப்பான்? போன மழையில் மச்சுக் காரை பெயர்ந்து என் தலைமாட்டில் விழுந்தது. இன்னொரு மழைக்குத் தாங்காது, நீயும் தனியாகக் கிடக்கிறாய் என்று என்னிடம் சொன்னான். நானும் தலையாட்டினேன். நீ இருந்தால் ஒரே அதட்டலில் அவனை உட்கார வைத்திருப்பாய். எனக்கு அதட்ட வராது என்பது உனக்குத் தெரியாதா?

நாலைந்து பேர் வந்து பார்த்தார்கள். படி செங்குத்து, கார் நிறுத்த இடமில்லை என்று போய்விட்டார்கள். அப்புறம் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்துத் தொழில் செய்கிறவர்கள். அந்த வீட்டு அம்மாவுக்குக் கண்டதும் பிடித்துவிட்டது. தேக்கு உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். கலர் கண்ணாடி ஜன்னலைத் திறந்து பூங்காவைப் பார்த்துக்கொண்டே நின்றார். எதையும் இடிக்க வேண்டாம், காரையை மட்டும் பூசிக்கொண்டு இப்படியே குடி வந்துவிடலாம் என்று மகனிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அக்கா, நீ போன பிறகு என் காதில் விழுந்த ஒரே நல்ல செய்தி அது.

அப்புறம் உன் அறைக்குள் வந்தார்கள்.

பூங்காப் பக்கத்துச் சுவரில் அந்த ஒட்டு இன்னும் தெரிகிறது. பழைய சுண்ணாம்புச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சிமெண்டுப் பூச்சு. எத்தனை பெயிண்ட் அடித்தாலும் மறையவில்லை. நீ போனது அவிட்ட நட்சத்திரத்தில். ஆறு மாத அடைப்பு, வீட்டுக்குத் தோஷம் என்று ஐயர் சொல்லிவிட்டார். அப்படிப் போனவர்களை வாசல் வழியாக எடுக்கக் கூடாதென்று கொத்தனாரை வரவழைத்துச் சுவரை உடைத்து, அது வழியாகத்தான் உன்னைக் கொண்டுபோனோம். அறையை ஆறு மாதம் பூட்டி வைத்தோம். உனக்கு இதிலெல்லாம் துளி நம்பிக்கை கிடையாது. எழுந்து உட்கார முடிந்திருந்தால் கொத்தனாரை விரட்டியிருப்பாய்.

அந்த அம்மா ஒட்டைத் தடவிப் பார்த்தார். ஏசி வைக்க உடைத்து அடைத்தது என்று தம்பி முந்திக்கொண்டான். பெரியக்கா ஆஸ்பத்திரியில்தான் இறந்தாள் என்று யாரும் கேட்காமலே வேறு சொன்னான். அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஏனம்மணி, கூடப் பொறந்தவங்க நீங்க சொல்லுங்க. இந்த ஊட்டுல அடைப்பு ஏதாச்சும் ஆயிருக்குதுங்களா?"

ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாக மாட்டேன் என்று எத்தனை சண்டை போட்டு வீட்டுக்கு வந்தாய் நீ. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொல்லி, மூச்சு வாங்க வாங்க, பூங்காவில் பூப் பறிக்கிறவர்களைத் திட்டிக்கொண்டு கிடந்தாய். என் கையைப் பிடித்தபடியே போனாய். அதை இல்லையென்று எந்த வாயால் சொல்வேன்?

"ஆமாங்க. எங்கக்கா இங்கதான் போனாங்க. அவிட்டம்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. மருமகள் மாசமாக இருக்கிறாள் என்றார். என் கையைத் தொட்டு, "உள்ளதச் சொன்னீங்க சாமி, நல்லா இருப்பீங்க" என்றார். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அடைப்புக் காலம் முடிந்துவிட்டது, பரிகாரமும் செய்தாயிற்று என்று தம்பி கார் வரைக்கும் போய்க் கெஞ்சினான். அவர்கள் திரும்பி வரவில்லை.

அடுத்து வந்தவர் அடுக்குமாடி கட்டுகிறவர். உள்ளேயே வரவில்லை. வாசலில் செருப்போடு நின்று மனையைக் கண்ணால் அளந்தார். அவரிடமும் அடைப்பைப் பற்றிச் சொன்னேன்.

"இடிக்கப் போற வீட்டுல யாரு செத்தா என்னங்கம்மா?" என்று சிரித்தார்.

அவருக்குத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் வீடு நின்றிருக்கும். உன் ஜன்னலோரம் ஒரு குழந்தை தவழ்ந்திருக்கும். சொல்லியிருக்க வேண்டுமா, அக்கா? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

தம்பி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் எனக்கு ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறான். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். சோறு இறங்கவில்லை. விடிந்தால் ஏன் விடிந்தது என்றிருக்கிறது. தைரியமாக இருக்கிறேன் என்று உனக்கு எழுத ஆசைதான், ஆனால் அப்படி இல்லை.

பூங்காவில் நந்தியாவட்டையை மொட்டோடு பறித்துக்கொண்டு போகிறார்கள். கேட்பாரில்லை. ஒரு நாள் உன்னைப் போல ஜன்னலில் நின்று அதட்டிப் பார்த்தேன். குரலே எழும்பவில்லை.

தை பிறந்ததும் இடிக்கிறார்கள். அன்றைக்கு பஸ் பிடித்து வந்து, உன் சுவருக்கு நேரே பூங்காவில் உட்கார்ந்திருப்பேன். உன்னை அது வழியாகத் தூக்கிப் போனபோது பார்க்கப் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த முறை மூட மாட்டேன். அப்புறம் அங்கே யார் குடி வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன். என் அக்கா ஆஸ்பத்திரியில் சாகவில்லை, இங்கேதான் இறந்தாள்.

கடைசியாக நீ பிடித்திருந்த கைக்குச் சொந்தக்காரி,
உன் தங்கச்சி