சடங்கு முடிந்த மறுநாள் எடுத்த இரத்தம்

பாசத்துக்குரிய மச்சான் சிவநேசா,

உன் ஆண்டுத் திவசம் போன கிழமை முடிந்தது. பிரான்சிலிருந்து உன் மகன் ரூபன் வந்து நிற்கிறான். நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லத் துணியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் கேட்கட்டும்.

பிரான்சிலிருந்து நீ ஊர் திரும்பியபோது கூடவே வந்த பழக்கம் அந்தச் சிவப்பு வைன். இராச் சோற்றோடு ஒரு கிளாஸ். பிறகு இரண்டு. அதற்குப் பிறகு எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம்.

"சாராயம் வேற, இது வேற மச்சான். இது கொடிமுந்திரிகைச் சாறு. நெஞ்சுக்கு நல்லம், ரத்தமும் ஊறும்" என்பாய்.

"அப்பிடியெண்டா பீற்றூட்டையும் கரைச்சுக் குடிங்களன், அதுவும் சிவப்புத்தானே" என்று குசினிக்குள் இருந்து என் தங்கை பவளம் சொல்வாள்.

அவளுடைய நச்சரிப்புத் தாங்காமல்தான் இரத்தம் சோதிக்க ஒப்புக்கொண்டாய். "அம்மன் சடங்கு முடியட்டும். விரதத்தோட போய்க் குடுத்தா ரத்தம் சுத்தமா இரிக்கும்" என்றாய். ஊரே மச்ச மாமிசமும் மதுவும் விலக்குகிற காலம். நீயும் சித்திரைக் கடைசியிலேயே போத்தலை மூடிவைத்தாய். ஒரு மாதம் தொடவில்லை. கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடிச் சடங்கு முடிந்த மறுநாள் காலை கையை நீட்டினாய். சுத்தமாகப் போவதில் என்ன பிழை என்றுதான் நானும் நினைத்தேன்.

அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார் என்று ஊரில் பலரும் இப்படியான கடதாசிகளை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். குடிப்பவரின் ஈரலைக் காட்டிக்கொடுக்கும் ஜீ.ஜீ.ரீ. என்ற நொதியம் எல்லைக்குள் இருந்தது. செங்குழியங்கள் என்கிற சிவப்பு இரத்த அணுக்களின் பருமன் மட்டும் எல்லையைத் தாண்டியிருந்தது.

"இது என்ன மச்சான்?" என்று அந்த வரியில் விரலை வைத்தாய்.

"குழியம் கொஞ்சம் பெரிசா இரிக்கு. கொழுத்த ரத்தம்."

"அப்ப வைன் வேலை செய்யிது."

இருவரும் சிரித்தோம். நான் வாசித்ததே போதுமென்று நீ அதை எந்த வைத்தியரிடமும் காட்டவில்லை.

இரண்டு வருடம் கழித்து, கண் மஞ்சள் பூத்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். வைத்தியர் அந்தப் பழைய அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பவளத்திடம் கேட்டார்.

"இது எடுக்க முதல் குடிக்காம இருந்தவரா?"

"ஓம் சேர். சடங்குக்காக ஒரு மாசம் தொடல்ல."

அவர், நீ விரல் வைத்த அதே வரியின் கீழ் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு விளங்கிவிட்டது.

நெல் வயல் வட்டைக்குள் வாவியின் உவர்த்தண்ணீர் ஏறினால், வடியச் சில கிழமை போதும். வந்து பார்ப்பவனுக்கு வாய்க்கால் தெளிவாகத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரில் வளர்ந்த பயிரின் வாட்டம் அறுவடை வரை அப்படியே நிற்கும். நொதியம் தண்ணீரைப் போல; குடியை விட்டால் சில கிழமையில் இறங்கிவிடும். குழியம் பயிரைப் போல; குடியால் பருத்தது மாதக் கணக்கில் அப்படியே நிற்கும். செங்குழியத்தின் ஆயுள் நூற்றிருபது நாள் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான். குழியம் பெருக்க வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் உன் விரதத்தால் மறைக்க முடியாமல் மிஞ்சியது அந்த ஒரு வரி. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அன்றே உன்னை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தால், இன்று நீ இருந்திருப்பாயா? எனக்குத் தெரியாது மச்சான். ஒரு வருடமாக இதைப் பவளத்திடமும் மறைத்தேன்.

திவசத்துக்கு மூன்றாம் நாள், ரூபன் சோற்றுக்குப் பக்கத்தில் வைன் போத்தலை வைத்தான். நான் பார்த்த பார்வை அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"அப்பாக்கு இதால ஒண்டும் வரல்ல மாமா. ஈரல் எல்லாம் சரியெண்டு அந்த ரிப்போட்ட நீங்கதானே வாசிச்ச? நானும் ரத்தம் குடுக்கத்தான் போறன். சடங்கு முடியட்டும்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் குசினி வாசலில் பவளம் நிற்கிறாள்.

"அப்ப, அந்த வரி என்னெண்டு இவர் உங்களக் கேட்டவரா அண்ணன்?"

"ஓம். விரல வச்சுக் கேட்டவன்."

"நீங்க சிரிச்சீங்க."

"ஓம் புள்ள."

அவள் என்னைக் கடந்து போய் ரூபனுக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு மகனிடம் சொன்னாள்: "மனே, சடங்கு முடியும் மட்டும் நிக்காத. நாளைக்கு விடியவே போய்க் குடு." என் பக்கம் திரும்பி, "நீங்க வாசிக்க வேணாம் அண்ணன். டொக்டர் வாசிக்கட்டும். நீங்க இவனுக்குப் பக்கத்தில இரிந்து கேளுங்க" என்றாள்.

அறிக்கை நேற்று வந்தது. உறையை நான் பிரிக்கவில்லை. இன்று பின்னேரம் வைத்தியரிடம் போகிறோம். பவளம் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் எங்கள் இருவருக்கும் உடுப்பை இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி வைத்திருக்கிறாள். வைத்தியர் என்ன சொன்னாலும், விளங்காத ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் விளக்கம் கேட்காமல் நான் கதிரையை விட்டு எழும்பமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

உன் பவளத்தின் அண்ணன்,
உன் பிள்ளைக்குத் தாய்மாமன்