நாற்பதடி கேட்ட மனு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கடை திறந்தால் கரண்ட் இல்லை. பத்து மணிக்கு மேல் வந்தது. அதுவரை ஜெராக்ஸுக்கு வந்த நாலு பேரும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள்.

பதினொன்றரைக்கு மாநகராட்சியிலிருந்து ரெண்டு பேர். ஒருத்தர் கையில் டேப், இன்னொருத்தர் கையில் சிவப்பு பெயின்ட். ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்போடு உள்ளே வந்து, சுவரில் ஒரு கோடு. என் கடை மொத்தமே பத்தடி ஆழம். கோடு சரியாக நடுவில்.

"என்ன சார் இது?"

"ரோடு அகலமாகுது மேடம். ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு அடி எடுக்கறாங்க."

"யாரைக் கேட்டு?"

"உங்களைக் கேட்டுதான். வியாபாரிங்க நீங்கதானே மனு குடுத்தீங்க?"

ஃபைலைப் பிரித்துக் காட்டினார். போன வருஷம் மழைக்கு அப்புறம் கொடுத்தது. என் டைப்பிங். இருபத்து மூன்று கையெழுத்து, குரோம்பேட்டை வெயிலில் கடை கடையாக ஏறி நான் வாங்கியது. எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, கால்வாய் அடைப்பு எடுக்கணும். மழை வந்தால் கடைக்குள் முழங்கால் தண்ணீர். ஆனால் ஒன்று வேண்டுமென்றால் மூன்றாகக் கேட்பதுதான் இந்தத் தெரு வழக்கம். பத்து விளக்கு கேட்டுத்தான் ரெண்டு வாங்கினோம். ஆறு குழாய் கேட்டு ஒன்று. அதனால் மனுவில்:

1. கால்வாய் அடைப்பு நீக்க வேண்டும்
2. நடைபாதைக் கடைகளை அகற்ற வேண்டும்
3. முப்பதடித் தெருவை நாற்பதடியாக அகலப்படுத்த வேண்டும்

மூன்றாவது கிடைத்துவிட்டது. முதலாவது இன்னும் அப்படியே நாறுகிறது. எந்த ஊரில் நடக்கும் இந்த அநியாயம்!

ஜூன் 10, செவ்வாய்

வெயில். பால் திரிந்துவிட்டது. ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் ஆர்டர் சொல்ல வேண்டும்.

ஏகாம்பரம் அண்ணனைப் பார்க்கப் போனேன். கட்டடம் அவருடையது. வரிசையாக நாலு கடை, என்னுடையது மூன்றாவது. வியாபாரிகள் சங்கத் தலைவரும் அவரே. அவங்க அப்பா காலத்தில் இதெல்லாம் நெல் வயல் என்று சொல்லாத நாளில்லை. மனுவில் நாற்பதடி என்று போடச் சொன்னது அவர்தான். "நாப்பதுன்னு கேளும்மா, அப்பதான் மதிப்பான்" என்றார். நானும் எப்போதும் போலக் கூட்டிக் கேட்கிறார் என்று நினைத்து அடித்தேன்.

இன்று ஊஞ்சலில் உட்கார்ந்து சிரிக்கிறார்.

"நல்லதுதானேம்மா ஸ்டெல்லா? முப்பதடி ரோட்ல ஒரு அளவுக்கு மேல கட்ட விட மாட்டான். நாப்பதடின்னா உசரமா கட்டலாம். பழசை இடிச்சிட்டு எட்டு மாடி. பில்டர் ரெடியா இருக்கான்."

"மனு எழுதும்போதே இது தெரியுமா அண்ணா?"

"டைப் அடிச்சது நீதானே?"

பதினாலு வருஷமாக வாடகை ஒரு நாள் பிந்தியதில்லை. புது பில்டிங்கில் எனக்கு இரண்டாவது மாடியில் இடமாம், லிஃப்ட் உண்டாம். ஒரு ஆதார் காப்பிக்கு யார் லிஃப்ட் ஏறுவார்கள்? ஸ்டேஷனுக்கு ஓடுகிறவன் வாசலில் கடை இருந்தால் நிற்பான், இல்லையென்றால் போய்க்கொண்டே இருப்பான்.

இனி இங்கே ஏ. என்றுதான் எழுதுவேன். அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

மாநகராட்சி ஆபீஸுக்குப் போனேன். மூன்று ஜன்னல், மூன்றிலும் "அங்க கேளுங்க." கடைசியில் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், பொறுமையாகப் பேசினார். அவரைத் திட்ட மனசு வரவில்லை.

"ஆட்சேபம் இருந்தா பதினெட்டாம் தேதிக்குள்ள எழுதிக் குடுங்க. ஆனா நீங்களே கேட்டிருக்கீங்க, நீங்களே வேண்டாம்னா எப்படி? முன்னாடி கையெழுத்து போட்டவங்க எல்லாரும் திரும்பப் போட்டா பார்க்கலாம்."

இருபத்து மூன்று பேர். ஆறு நாள்.

வரும்போது ஷேர் ஆட்டோவில் ஒரு பெண் போனில்: "இல்லடி, அங்க மால் வரப்போவுதாம், சூப்பர்ல?" இறங்கிவிடலாம் என்று தோன்றியது.

ஜூன் 13, வெள்ளி

மதியம் தனம் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். என் கடைக்கு முன்னால் நடைபாதையில் கீரை விற்கிறாள், பதினோரு வருஷமாக. நான் பேங்குக்குப் போனால் கடை அவள் பொறுப்பு. சாவி ஒன்று அவளிடம்தான்.

"இன்னாக்கா, உள்ள செவப்பு கோடு போட்டுக்கினு போய்க்கீறானுங்க? எல்லாரும் மனு மனுன்றாங்க. அதுல இன்னா எழுதிக்கீது? படி, கேக்கறேன்."

காப்பி என்னிடம் இருக்கிறது. படித்தேன். முதலாவது படித்தேன். மூன்றாவது படித்தேன். இரண்டாவதைத் தாண்டிவிட்டேன். "நடைபாதையை ஆக்கிரமித்துப் பொதுமக்களுக்கு இடையூறு செய்வோர்" என்று அடித்திருக்கிறேன். அழகான தமிழ் என்று அன்றைக்குப் பெருமை வேறு. அடிக்கும்போது தனம் கண்ணில் படவே இல்லை. நாலடி தள்ளி உட்கார்ந்து எனக்காக டீ வாங்கி வைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் காதில் ஏறவில்லை. அஸ்தினாபுரத்தில் வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர்: "வயசாச்சு, கடையை விட்டுட்டு நிம்மதியா இரேன்." ஐம்பத்து நாலு வயசு. யாருக்கு வயசாச்சு? ரிட்டயர் ஆகி டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கா, எனக்கா? கேட்டே விட்டேன். மீன்குழம்பு இருவருக்கும் இறங்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

சாயந்திரம் தூறல். தெரு முழுக்கச் சேறு.

ஆட்சேப மனு ஒரே பக்கம். சுற்றுக்குக் கிளம்பினேன். கையெழுத்து போட்டவர்கள்:

மெடிக்கல் ஷாப் பாஸ்கர். (அவரும் வாடகைக்கு, அவருக்கும் கோடு.)
டெய்லர் யூசுப் பாய்.
செருப்புக்கடை அம்மா. கண்ணீரோடு.

போடாதவர்கள் சொன்னது:

"எங்களுக்கு கீழயே இடம் தரேன்னு சொல்லிட்டாரு அக்கா." (ஸ்வீட் ஸ்டால்)
"வளர்ச்சி வேணும் மேடம், நாமளே தடுக்கக்கூடாது." (மொபைல் கடை. இவன் கடையில் போன மழைக்கு நாற்பது போன் நனைந்தது, அந்த மனுவில் முதல் கையெழுத்தே இவனுடையதுதான்.)
"ஏகாம்பரத்தைக் கேட்டுட்டு சொல்றேன்." (ஏழு பேர்!)
"நாளைக்கு வாங்க."

யாரைச் சொல்ல? அன்றைக்கு நான் நீட்டிய பேப்பரைப் படிக்காமல் இருபத்து மூன்று பேரும் போட்டார்கள். இன்று வரி வரியாகப் படிக்கிறார்கள்.

ஜூன் 18, புதன்

மொத்தம் நாலு கையெழுத்து, என்னுடையதையும் சேர்த்து. கொடுத்துவிட்டேன். கண்ணாடி அம்மா எண்ணிப் பார்த்தார். "நாலு பேரா?" என்றார். சீல் அடித்துக் கொடுத்தார்.

நாலு பேர்தான். அதற்கென்ன? நாலு பேருக்குக் குடும்பம் இல்லையா?

திரும்பி வரும்போது ஏ. தெருமுனையில். சட்டையை இன் பண்ணிய மூன்று ஆட்களுக்கு விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார், மேலே, வானத்தை. அங்கே இன்னும் ஒன்றும் இல்லை, காக்கா தவிர.

ஜூன் 19, வியாழன்

காலை ஒன்பதே முக்கால். ஆபீஸ் வண்டி வந்து நின்றது. நாலு பேர் இறங்கி நேராகத் தனத்திடம். தராசைத் தூக்கினார்கள். சாக்கைத் தூக்கினார்கள். அரைக்கீரை ரோட்டில் சிதறியது.

"யோவ், இன்னாத்துக்குய்யா? நான் இன்னா பண்ணேன்?"

"மேலிடத்து ஆர்டர்மா. முதல்ல நடைபாதை, அப்புறம்தான் ரோடு வேலை. வியாபாரிங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

"யாரு எழுதிக் குட்த்தது?"

ஸ்வீட் ஸ்டால்காரர் லட்டு அடுக்கிக்கொண்டிருந்தார், அதுவரை அத்தனை கவனமாக அவர் லட்டு அடுக்கி நான் பார்த்ததில்லை. மொபைல் கடைக்காரன் போனில் வீடியோ எடுத்தான். தனம் ஒவ்வொரு கடையாகப் பார்த்தாள். என் கடையைப் பார்க்கவே இல்லை. என் மேல் சந்தேகமே வரவில்லை அவளுக்கு. அதுதான் தாங்க முடியவில்லை.

"நான்தான் தனம்" என்றேன். சத்தமாக. "நான்தான் டைப் பண்ணேன். அன்னைக்கு உனக்குப் படிச்சுக் காட்டும்போது அதைத் தாண்டிட்டேன்."

"இன்னான்னு எழுதன?"

"நடைபாதையில உட்கார்ந்து ஜனங்களுக்கு இடையூறு பண்றவங்களை எடுக்கணும்னு."

"இடையூறா? நானா?"

"கால்வாய் எடுக்கறதுக்காக எழுதினது. கூட ரெண்டு சேர்த்துக் கேட்டோம்."

"அந்த ரெண்டுல ஒண்ணா நானு?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. நான் குனிந்து கீரையைப் பொறுக்கினேன். அவள் ஆபீஸ் ஆள் கையிலிருந்து கீரைக் கூடையை வெடுக்கென்று பிடுங்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு, என் படி ஏறி, கவுன்ட்டரைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"நவுரு" என்றாள்.

நகர்ந்தேன்.

"இங்க ஒக்காந்தா நடைபாதை இல்லல்ல? இப்ப எந்தப் பொதுஜனத்துக்கு இடையூறுன்னு கேளு அவனை."

ஆர்டர் என்று சொன்னவர் என்னைப் பார்த்தார். "என் கடை சார். என் ஆள்" என்றேன். தராசை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். தனம் சாயந்திரம் வரை என்னோடு பேசவில்லை. டீ வாங்கி வைத்தேன், குடிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ராத்திரி மழை. கால்வாய் வழக்கம்போல.

பேப்பர் ரேக்கை மேலே ஏற்றிவிட்டேன். கீழே முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, ஒரு கட்டு புதினா. கடை முழுக்கப் புதினா வாசனை. பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்ப வந்த பையன் ரெண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனான். தனம் இன்னும் முழுசாகப் பேசவில்லை. ஆனால் யூசுப் பாய் தன் பழைய தராசைக் கொண்டுவந்து கொடுத்தபோது, "எங்க வெக்கலாம்?" என்று என்னைத்தான் கேட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஏ. வந்தார். வாசலில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, மார்க்கெட்டா? ஜெராக்ஸுக்குத்தானே கடை விட்டேன். இதெல்லாம் அக்ரிமென்ட்ல இல்ல. இன்னைக்கே காலி பண்ணச் சொல்லு."

"ஆட்சேபம் இருந்தா மனுவா எழுதிக் குடுங்கண்ணா" என்றேன். "நான் டைப் அடிக்க மாட்டேன்."