எதிர்க்கரைத் தலைவருக்கு

தலைவரே,

வெள்ளத்துக்கென்று நாம் சேர்த்து வைத்த சாக்குகளை இன்று காலை வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கட்டுக் கட்டாகச் சணல் சாக்குகள் வெயிலில் கிடந்தன. ஒரு கட்டைப் பிரித்ததும் உள்ளேயிருந்து காய்ந்த நொச்சி இலை உதிர்ந்தது. அந்த வாசனை வந்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிட்டேன்.

நெல்லுக்கு வைப்பது போலச் சாக்குக்கும் நொச்சி வைத்தது நீங்கள்தான். "பூச்சி நெல்லுன்னும் பாக்காது, சர்க்கார் சாக்குன்னும் பாக்காது தலைவரே" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரு கொத்தைச் செருகினீர்கள். பூச்சி அரிக்கவில்லை. சணல் தானாகவே மக்கிப்போயிருக்கிறது. தொட்டால் விரல் உள்ளே போகிறது.

"இத என்னங்கம்மா பண்றது?" என்று கிளார்க் கேட்டார். நான் தலைவர் பதவியை விட்டுப் பல காலம் ஆகிறது. பழைய மரியாதைக்குக் கேட்டார்.

நம் இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடும் வடிகால் ஆற்றுக்கு வடகரையில் நீங்கள் தலைவர், தென்கரையில் நான். நாம் பேசிக்கொள்வதற்குத் தஞ்சாவூர் வரைக்கும் போக வேண்டியிருந்தது. பெண் தலைவர்களுக்கு நடந்த பயிற்சி அது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒருவர் காப்பீடு பற்றிப் பேச வந்தார். பயிருக்குக் காப்பீடு உண்டு. ஊரின் பள்ளிக்கூடச் சுவருக்கும் பாலத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் யார் பொறுப்பு என்று கேட்டார். சில நாடுகளில் பல ஊர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பொது நிதி வைத்துக்கொள்கிறார்களாம். எந்த ஊருக்குச் சேதமோ அந்த ஊர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுமாம். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நீங்கள் என் பக்கம் சாய்ந்தீர்கள்.

"உங்க வீட்டுக்காரரு எங்க?"

"வெளியில டீக்கடையில."

"எங்காளும் அங்கதான். நல்லவேளை. இங்க வந்து தூங்குறது ஒன்னுதான் நமக்குன்னு இருக்குற அதிகாரம். உள்ள விட்டா அதயும் அவங்களே பாத்துக்குவாங்க."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் கையைத் தூக்கினீர்கள். "சார், பணம் போட்ட அத்தனை ஊருக்கும் ஒரே நாள்ல வெள்ளம் வந்தா, யாரு யாருக்குக் குடுக்குறது?"

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "அப்போ இன்னும் நிறைய ஊரு சேரணும்மா. தூரத்து ஊரு. வெள்ளம் வராத ஊரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். "நம்ம ஊருகள்ல இன்சூரன்ஸ் ஏற்கெனவே இருக்கு தலைவரே" என்றீர்கள். "மம்பட்டி. எதிர்க்கரைய வெட்டிவிட்டா நம்ம கரை தப்பிச்சிரும். அதான் நம்ம பாலிசி."

இதை அவ்வளவு லேசாகச் சொல்ல உங்களால்தான் முடிந்தது. உங்கள் தாத்தா எங்கள் ஊர்ப் பண்ணைகளில் ஆளாக இருந்தவர். கூலிக்கும் நிலத்துக்கும் சண்டை நடந்து, சட்டம் வந்து, உங்கள் ஊராருக்குக் கிடைத்தது ஆற்றை ஒட்டிய பள்ளம். ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் உடைப்பு உங்கள் கரையில்தான். அது எப்படி என்று எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். என் கணவரின் பெரியப்பா மட்டும், "பள்ளத்துக்குத்தானேம்மா தண்ணி போவும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பார்.

அப்புறம் ஆட்சி. எங்கள் வீட்டு ஆண்கள் ஒரு கட்சி, உங்கள் வீட்டுக்காரர் மற்றக் கட்சி. எங்களுடைய ஆட்சியில் தென்கரைக்குக் கருங்கல் பதித்தார்கள். உங்களுடைய ஆட்சி வந்ததும் வடகரையை அளந்து, வழி நெடுகக் கம்பு நட்டார்கள். கல் வருவதற்குள் மறுபடி ஆட்சி மாறிவிட்டது. கம்புகள் நின்றன. "இந்தக் கம்புல அவரைக்கொடி ஏத்திவிட்டிருக்கேன். வீணாப் போகக்கூடாதில்ல" என்றீர்கள்.

ஆற்றோரத்தில் இருக்கும் ஐந்து பஞ்சாயத்தும் சேர்ந்து ஒரு பொது நிதி வைக்க வேண்டும் என்று கிராம சபைகளில் தீர்மானம் போட்டு, ஒன்றிய அலுவலகத்துக்கு எடுத்துப் போனோம். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் அல்ல. டீ வாங்கிக் கொடுத்தார்.

"உங்க பஞ்சாயத்துப் பணம் உங்க எல்லைக்குள்ளதாம்மா செலவாகணும். தாண்டுச்சுன்னா ஆடிட்ல என் தலைதான் உருளும்."

"தண்ணி எல்லையத் தாண்டி வருதே சார். அதுக்கு ஆடிட் கெடையாதா?"

அவர் சிரித்தார். மேலே எழுதிப் போடுவதாகச் சொன்னார். போட்டாரா என்று தெரியவில்லை.

அனுமதி கேட்க வேண்டாதவை மட்டும் நமக்கு மிஞ்சின. சாக்கு, மணல், சவுக்குக் கம்பு. எந்தக் கரை உடைந்தாலும் மற்ற நான்கு ஊரும் நாற்றும் ஆளும் கொடுப்பது என்று ஒரு வாய்ப்பேச்சு. இதோடு கலப்புக் காவல். அது முழுக்க உங்கள் யோசனை. வெள்ளக் காலத்தில் அவரவர் கரையில் அவரவர் ஆட்கள் கம்போடு நின்று எதிர்க்கரைக்காரன் வருகிறானா என்று பார்ப்பதுதான் வழக்கம். நீங்கள் அதை மாற்றினீர்கள். இரண்டு கரையிலும், ஒவ்வொரு தார்ப்பாய்க்குக் கீழேயும், எங்கள் ஊர் ஆள் ஒருவர், உங்கள் ஊர் ஆள் ஒருவர்.

எங்கள் பக்கம் முணுமுணுத்தார்கள். "அவங்களோட ஒரே தார்ப்பாயில எப்படி உக்கார்றது?" என்று பெரியப்பாவே கேட்டார். நீங்கள் எங்கள் வாசலில் நின்றுகொண்டு சொன்னீர்கள்: "ஐயா, ஒன்னா நனையறதுக்குக் கூச்சமில்ல. நனையாம இருக்கத்தான் கூச்சமா இருக்கா?" அவர் உள்ளே போய்விட்டார். ஆனால் அவர் வீட்டிலிருந்தும் ஆள் வந்தது.

சின்ன வெள்ளங்களில் அது நன்றாகவே நடந்தது. உங்கள் ஊர்க் காத்தமுத்துவும் எங்கள் ஊர்ச் செல்வராசுவும் ஒரே தார்ப்பாயில் பீடி மாற்றிக்கொள்வதை நானே பார்த்தேன். ஒரு கரையும் வெட்டுப்படவில்லை.

பிறகு அந்தக் கார்த்திகை வந்தது. மழை விடவேயில்லை. மத்தியானம் நீங்கள் போன் செய்தபோது நான் எங்கள் கரைமேல் நின்றிருந்தேன். நீங்கள் எதிர்க்கரையில், பாலத்தடியில். முகம் தெரிந்தது, குரல் வரவில்லை. போனை பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பேசினோம். உங்கள் கரையில் இலுப்பை மரத்து வளைவில் தண்ணீர் கசிய ஆரம்பித்திருந்தது. காத்தமுத்துவும் இன்னும் சிலரும் மம்பட்டியோடு பாலத்தை நோக்கி வந்தார்கள். எங்கள் கரையில் மதகு ஓரமாக ஓரிடத்தில் மட்டும் கல் கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும். நீங்கள் போனை அணைக்கவில்லை. பாலத்தின் குறுக்கே அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

"யக்கா, தள்ளு. தாத்தன் காலத்துலேருந்து அவங்கதான் வெட்டுனாங்க. இன்னைக்கு ஒரு தடவ நாங்க வெட்டுனா என்ன?"

"வெட்டலாம்டா. செல்வராசு நெலம் அந்த மதகுக்கு நேர் கீழதான் இருக்கு. இந்தா, உன் பின்னாடிதான நிக்கிறான். அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போய் வெட்டு."

காத்தமுத்து திரும்பிப் பார்த்தார். போனில் எனக்கு மழைச் சத்தம்தான் கேட்டது. பிறகு மம்பட்டி சிமெண்டில் விழுந்த சத்தம்.

அதன்பின் எல்லாரும் வளைவுக்கு ஓடினார்கள். எங்கள் ஊர் ஆட்கள் சாக்கோடு பாலம் தாண்டி வந்தார்கள். பெரியப்பாவும் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். போட்ட சாக்கெல்லாம் ஆற்றோடு போயிற்று. இருட்டுவதற்கு முன்னால் உங்கள் கரை உடைந்தது. சத்தம் பெரிதாக இல்லை. மண் சரிந்தது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். போன் என் கையில் அப்போதும் அணையாமல் இருந்தது. அந்த மூச்சு உங்களுக்குக் கேட்டிருக்கும்.

நீங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

யாரும் வெட்டவில்லை. கல்லை ஒரு கரைக்கு மட்டும் பதித்தபோதே எதிர்க்கரை பாதி வெட்டுப்பட்டுவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அதற்குக் காவல் போட நமக்கு வழி ஏது?

தண்ணீர் வடிந்ததும் நாற்றுக் கேட்டு ஊர் ஊராகப் போனேன். தென்கரை உடையவில்லை என்றாலும் மழைத் தண்ணீர் தேங்கி எங்கள் பயிரும் அழுகிப்போயிருந்தது. மற்ற மூன்று ஊரும் அப்படித்தான். கொடுப்பதாகச் சொன்ன நாற்று ஒரு ஊரிலும் இல்லை. வெறுங்கையோடு உங்கள் முன்னால் வந்து நின்றேன். பள்ளிக்கூடச் சுவர் படுத்துக் கிடந்தது. குடிநீர்க் குழாய் வாய்க்காலில் மிதந்தது. நீங்கள் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, "தஞ்சாவூர்ல கேட்டனே, அதேமாரி ஆச்சு பாத்தீங்களா" என்றீர்கள்.

எங்கள் பஞ்சாயத்துக் கணக்கில் பணம் இருந்தது. உங்கள் குழாய்க்குக் கொடுக்கலாமா என்று அதே அதிகாரியிடம் போய் நின்றேன். "நான் என்னம்மா பண்ணுவேன்? நீங்களே சொல்லுங்க" என்றார். அவர் நிஜமாகவே கேட்டார்.

உங்கள் ஊரில் யாரும் உங்களைத் திட்டக்கூட இல்லை. அதுதான் உங்களைத் தின்றது. ஒரு பெரியவர் மட்டும், "அவங்க கரைய நீ காப்பாத்துன. நம்ம கரைய யாரு காப்பாத்துனா?" என்று கேட்டாராம். காத்தமுத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பஸ் ஏறினார். "வர்றன்க்கா" என்று உங்களிடம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

அப்போதும் நீங்கள் விடவில்லை. வெள்ளம் வராத ஊரைத் தேட ஆரம்பித்தீர்கள். வேறொரு கூட்டத்தில் ராமநாதபுரத்துப் பக்கத்துத் தலைவர் ஒருவரைப் பிடித்து நம்பர் வாங்கி வந்தீர்கள். "அவங்களுக்குக் காயும்போது நமக்கு மூழ்கும். ரெண்டும் ஒரே எடத்துல நடக்காது தலைவரே" என்றீர்கள். ஸ்பீக்கரில் அந்த அம்மா சொன்னது நினைவிருக்கிறதா? "எங்ககிட்டத் தண்ணியும் இல்ல, காசும் இல்லக்கா. பரவால்ல, சேந்துக்கிருவோம்."

சேருவதற்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் மனு மேல் மனுவாக எழுதினோம். ஒன்றியத்தையே தாண்டக் கூடாத பணம் மாவட்டத்தை எப்படித் தாண்டும்? நம் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு வெகு நாள் உள்ளாட்சித் தேர்தலே வரவில்லை. தலைவர் என்று ஊருக்கு யாருமே இல்லாத காலத்திலும் நாம் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம்.

உங்கள் நெஞ்சு வலியை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. திருவாரூர் ஆஸ்பத்திரியில் நான் வந்து பார்த்தபோது மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேசினீர்கள்.

"ரொம்ப வலிக்குதா?"

"அது கெடக்கு. அந்த அம்மா போன் எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"அங்க மழையா?"

"இல்லையாம்."

"விட்டுராதீங்க தலைவரே" என்றீர்கள். எதை என்று சொல்லவில்லை. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

உங்கள் சாவுக்குத் திருப்பூரிலிருந்து காத்தமுத்து வந்திருந்தார். அவரும் செல்வராசுவும் பந்தலுக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

மத்தியானத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்து இப்போது நல்ல மழை. வெள்ளையடிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். சாக்குகள் வெளியிலேயே கிடந்து நனைகின்றன. நான் கரைப் பக்கம் வந்தேன். மழை பிடித்தால் கால் இங்கேதான் வருகிறது. போன் அடித்தது. ஐப்பசி, கார்த்திகையில் அந்த ராமநாதபுரத்து அம்மாவோ நானோ கூப்பிடாமல் இருப்பதில்லை. அவருக்கும் இப்போது பதவி இல்லை.

"என்னக்கா, தண்ணி எப்படி?"

"ஏறிக்கிட்டிருக்குங்க. அங்க?"

"ஒரு பொட்டு இல்லக்கா. விதைச்சது அப்படியே கெடக்கு."

அவருக்கு அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை. எனக்கு அனுப்ப அவரிடமும் இல்லை.

"அக்கா, போனக் கொஞ்சம் வெளிய நீட்டுங்க. சத்தத்தையாச்சும் கேக்குறேன்."

குடைக்கு வெளியே கையை நீட்டினேன். எதிரே உங்கள் கரை தெரிந்தது. கம்புகள் அப்படியே நிற்கின்றன. இன்னும் மண்தான், தலைவரே.