ஜனவரி வரைக்கும் நல்லவள்

மார்ச் 4, திங்கள்

ஹோல்ம் குடும்பம் என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டு குழந்தைகள், ஒரு நாய், பனி. ஒரு வருடம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே அவர்கள் நாட்டில் படிக்கலாம். மே மாதம் தூதரகத்தில் நேர்முகம்.

முகவர் கரீசா என் கோப்பைப் புரட்டினார். "போலீஸ் சான்று ஜனவரியிலயே வாங்கிட்டீங்களா? கெட்டிக்காரிதான்."

"எவ்வளவு நாள் செல்லும்?"

"ஆறு மாசம்னு நெனைக்கிறேன்."

நினைக்கிறாராம்.

மார்ச் 12, செவ்வாய்

எழுதவே சிரிப்பாக இருக்கிறது. சிரிப்புதானா?

காலையில் பாலத்தருகே போலீஸ் நாங்கள் வந்த மட்டாட்டு வேனை நிறுத்தியது. யாரும் பெல்ட் போடவில்லை. என் இருக்கையில் பெல்ட்டே இல்லை, அறுந்த நாடா மட்டும். வண்டியோடு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். வரிசையில் என் பின்னால் வறுத்த மீன் கூடையோடு ஓர் அம்மா. நான் குற்றத்தை மறுக்கப்போகிறேன் என்றதும் முதுகில் ஒரு குத்து.

"பைத்தியமாடி நீ? ஒத்துக்க. இல்லேன்னு சொன்னா அடுத்த மாசம் வான்னுவான். அதுவரைக்கும் என் மீன் தாங்குமா?"

"உங்க மீனுக்கும் எனக்கும் என்னம்மா?"

"ஒருத்தி மறுத்தா எல்லாருக்கும் லேட்டு. ஒத்துக்க தாயி."

நீதிபதி என் பெயரைக் கூப்பிட்டார். "வகேஷோ, குற்றச்சாட்டு உண்மையா?"

உண்மை என்றேன். எல்லோரும் உண்மை என்றார்கள். இங்கே எப்போதும் அப்படித்தான். அபராதம் கட்டி, மதியத்துக்குள் வெளியே வந்தோம். ரசீதை எங்கே விட்டேனோ.

வீட்டில் மகவாசி அக்கா: "வாங்க குற்றவாளியே, உகாலிக் களி ஆறிப்போச்சு."

மார்ச் 13

பல் தேய்க்கும்போது உறைத்தது. என்மேல் குற்றம் ஏதும் இல்லை என்று அந்தச் சான்று சொல்கிறது. அது ஜனவரியில்.

மார்ச் 21, வியாழன்

போலீஸ் அலுவலகத்தில் கேட்டேன்: ஒரு வருடம். கரீசா தொலைபேசியில்: "தூதரகம் மூணு மாசத்துக்குள்ள வாங்கினதுதான் கேக்குதாம்." நேரில் போனால் அவர் மேசையில் வேறொருவர்: பயண நாள் வரைக்கும் செல்லுபடியானால் போதும்.

சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கொடுத்த தேதி இருக்கிறது. முடியும் தேதி இல்லை. பால் பாக்கெட்டில்கூட இருக்கிறது.

ஒரு வருடம் என்றால் தப்பித்தேன். மூன்று மாதம் என்றால் புதிதாக வாங்கவேண்டும். புதிதில் மார்ச் 12 இருக்குமா? ஆக, நான் போவதும் போகாததும் இந்தக் காகிதத்தின் ஆயுளில். இதில் என் நல்ல குணத்துக்கு என்ன வேலை?

ஏப்ரல் 2, செவ்வாய்

அக்காவோடு சண்டை.

"பழசையே குடுடீ. யாரு கேக்கப்போறா?"

"மூணு மாசம்தானாம்."

"சரி, புதுசு வாங்கு. கோர்ட்ல கைரேகை எடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? பெல்ட் போடாததுக்கு அந்த வெள்ளக்காரன் உன்னக் கழுவுல ஏத்தப்போறானா?"

தெரியலையே அக்கா. தெரியலைன்னுதானே சொல்றேன்.

ஏப்ரல் 5

புதுச் சான்றுக்குக் கைரேகை கொடுத்தேன். "கைய தளர்த்துங்க. நான் உருட்டுறேன், நீங்க உருட்டாதீங்க" என்றார் அந்தப் பெண் காவலர். வழக்கைப் பற்றிக் கேட்டேன். "வரலாம். வராமலும் போகலாம். வந்தாத் தெரியும்."

சோப்புப் போட்டும் விரல் நுனிகளில் மை போகவில்லை.

ஏப்ரல் 23

சான்று இன்னும் வரவில்லை.

மே 6, திங்கள்

வந்துவிட்டது. பதிவு எதுவும் இல்லை.

குதித்திருக்க வேண்டும். ஆனால் விசாப் படிவத்தில் ஒரு கேள்வி: எப்போதாவது குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா? இதைப் போலீஸிடம் கேட்கவில்லை. என்னைக் கேட்கிறார்கள்.

"இல்லேன்னு போடுங்க" என்றார் கரீசா. "போலீஸே இல்லேன்னுடுச்சு. இருக்குன்னு சொல்ல நீங்க யாரு?"

நல்ல கேள்வி. நான் யார்?

மே 15, புதன்

உண்டு என்று எழுதினேன். ஏன்? நேர்மையா, பயமா? பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் என்ற கணக்கா? உண்மையாகவே தெரியவில்லை. பேனா எழுதிவிட்டது.

தூதரகத்தில் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் நிமிர்ந்தாள். "வழக்குன்னு எழுதியிருக்கீங்க, சான்றுல ஒண்ணும் இல்லையே?"

"இல்லைதான். ஆனா இருக்கு."

"அப்ப தீர்ப்பு நகல் கொண்டுவாங்க. அப்புறம் பார்க்கலாம்."

மே 28

நீதிமன்றப் பதிவறை. "இருக்கும்மா, தேடணும். அன்னிக்கு மட்டும் எத்தன வண்டி தெரியுமா?" போன வாரமும் இதே பதில்.

ஜூன் 10, திங்கள்

ஹோல்ம் அம்மாவின் கடிதம். மிகவும் வருந்துகிறார்களாம். குழந்தைகளுக்கு விடுமுறை தொடங்கப்போகிறது. வேறொரு பெண் கிடைத்துவிட்டாளாம்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அதற்குத்தான் அழுதேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தெருக்கோடிப் பள்ளியில் வேலை கேட்டுப் போனேன். தலைமையாசிரியை என் பட்டத்தைப் படித்தார், புதுச் சான்றைப் படித்தார், இழுப்பறையில் வைத்தார். இது எதுவரை செல்லும் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"மேடம், அதுல இல்லாத ஒரு கேஸ் எனக்கு இருக்கு."

"என்னது?"

"மட்டாட்டுல பெல்ட் போடல. ஒத்துக்கிட்டேன்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு. திங்கக்கிழமை ஏழுக்கே வந்துடுங்க டீச்சர். மூணாங்கிளாஸ் கூரையப் பிய்க்குது."