தாம்பாள மெஷினும் நான் மாற்றாத பெல்ட்டும்

என் உயிர் மாப்ள ஆரோக்கியத்துக்கு,

நீ போய் எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். திட்டாதே. எழுத உட்கார்ந்தாலே எழுந்துவிடுகிறேன். ஆனால் நாளைக்குக் கல்லறைத் திருநாள். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

முதலில் சேதியைச் சொல்கிறேன். உன் பொண்டாட்டி, என் தங்கச்சி பிலோமினா, நம்ம திருவொற்றியூர் ஷெட்டை மறுபடி திறந்துவிட்டாள். மரம் கடையும் நம்ம பழைய லேத்தைக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று. அந்தக் கடற்கரை ஓட்டல்காரர் மீன் வறுவல் பரிமாற ரெண்டடி மரத்தாம்பாளம் கேட்டாரே, அதையெல்லாம் இனி அவளே கடையப் போகிறாளாம். இத்தனை வருஷம் உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவள் உளி பிடிக்கப் போகிறாள். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பயம் உனக்குத் தெரியாததா? சுவிட்ச் போடும் முன் நான் சிலுவை போட்டுக்கொள்வதைப் பார்த்து, "இன்னா மச்சான், மெஷின ஓட்டப் போறியா, பேய ஓட்டப் போறியா?" என்று கேட்பாய். அது விளையாட்டுப் பயம். இது வேறு. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். கன்டெய்னர் லாரி பள்ளத்தில் இறங்கி ஏறும் சத்தத்துக்குக் கையில் இருந்த டீயைக் கொட்டிக்கொண்டேன். கடைக்காரர் சிரித்தார்.

நம்ம பழைய லேத்தில் பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்தில் மூன்று படி இருந்தது. சின்னச் சாமானுக்குப் பெல்ட்டை வேகப்படியில் மாட்டுவோம், தாம்பாளத்துக்கு மெதுப்படியில். எந்த வேலையை முடித்தாலும், முடித்தவன் பெல்ட்டை மெதுப்படிக்குத் தள்ளிவிட்டுத்தான் கை கழுவ வேண்டும். நீயும் நானும் போட்டுக்கொண்ட சட்டம் இது. பதினேழு வருஷம் பிசகவில்லை. அதனாலேயே அடுத்து வருகிறவன் பெல்ட்டைப் பார்க்க மாட்டான். பார்த்தால், மற்றவனைச் சந்தேகப்படுகிறான் என்று அர்த்தமாகிவிடும் இல்லையா?

அன்றைக்குக் காலையில் நான் கோயிலுக்கு மெழுகுவர்த்தித் தண்டு கடைந்துகொண்டிருந்தேன், வேகப்படியில். முடிக்கும் நேரத்தில் கோயிலிலிருந்து போன். "பூசைக்கு வோணும், சீக்கிரம் எடுத்தாண்ணே" என்றார்கள். தண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ராயபுரத்துக்கு ஓடினேன். பெல்ட்டை மாற்றாதவன் நான், மாப்ள. திரும்பி வந்தபோது ஷெட் வாசலில் கூட்டம். தாம்பாளத்துக்கு நீ மாட்டியிருந்த தூங்குமூஞ்சி மரப் பலகை அந்த வேகம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு வந்து உன் நெஞ்சில் அடித்திருந்தது.

போலீஸ் விசாரித்தபோது நான் சொன்னது ஒரே வரி. "பெல்ட்ட பாக்காம போட்டுட்டாரு சார்." அதில் பொய் இல்லை. நீ பார்க்கவில்லைதான். யாரை நம்பிப் பார்க்கவில்லை என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். அந்த ஒரு வரி உன் பேரில் ஒட்டிக்கொண்டது. தெருவே சொல்கிறது, உன் கூடப்பிறந்த தம்பியே சொல்கிறான், ஆரோக்கியம் அவசரக்காரன் என்று. பதினேழு வருஷத்தில் நீ அவசரப்பட்டு நான் பார்த்தது சாப்பாட்டில் மட்டும்தான்.

போன சனிக்கிழமை பிலோமினா என்னை லேத் பார்க்கக் கூட்டிப்போனாள். முதலில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. புது மெஷின். பலகை மாட்டும் அதன் தலையை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டால் ரெண்டடிப் பலகை மெஷின் மேடையில் இடிக்காமல் சுற்றும். ஆனால் உளியைத் தாங்க ஒரு தனிக்கால் வைக்க வேண்டும். அவள் அந்தக் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். வேகத்துக்கு ஒரு குமிழ், அவ்வளவுதான், பெல்ட்டைத் தொடவே வேண்டாம். "குமிழ ஜீரோவுக்குத் திருப்புனாத்தாம்மா ஸ்டார்ட் ஆவும். முன்னாடி ஓட்டுனவரு எவ்ளோ வேகத்துல விட்டுட்டுப் போயிருந்தாலும் உங்களுக்குக் கவலையில்ல" என்றார் கடைக்காரர். எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. அவள் பார்த்துவிடுவாளோ என்று விலைப்பட்டியலை எடுத்து விசிறிக்கொண்டேன்.

அடுத்து மணலி புதுநகர். மூடிப்போன ஒரு பட்டறையில் பழைய லேத், முழுக்க வார்ப்பு இரும்பு. நடுத்தண்டுக்குக் கீழே ரெண்டடிப் பலகை சுற்றத் தாராளமாக இடம். தனிக்கால் எதுவும் தேவையில்லை. பிலோமினா டேப்பை வைத்து அளந்தாள், இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. பக்கவாட்டு மூடியைத் திறந்தால் மூன்று படி புல்லி, ஒரு பெல்ட்.

"சும்மா கல்லு மாரி கீதுண்ணா. இதையே எடுத்துக்கலாம்."

"வோணாம் பிலோ."

"ஏன்?"

"பெல்ட் வெச்சது வோணாம்."

"பெல்டு இன்னா பண்ணும்? நான் ஒண்ணும் அவரு மாரி பாக்காம போடமாட்டேன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். உன் மேல் கோபம்கூட இல்லை, பழகிப்போன பேச்சு அது. என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அங்கேயே ஒரு இரும்புக் கட்டையின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தண்டு, போன், பை, பெல்ட், போலீஸிடம் சொன்ன அந்த வரி, எல்லாம்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெல்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"மாசாமாசம் கல்லறைக்குப் போயி, 'அப்டி இன்னாய்யா அவசரம், பெல்ட்ட கூட பாக்காம'ன்னு அந்த மன்சன திட்டிக்கினு இருந்தேன். நீ பக்கத்துலயே மெழுகுவர்த்தி புடிச்சிக்கினு நின்னியேண்ணா."

திரும்பும்போது ஆட்டோவில் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் கைப்பையை வைத்துக்கொண்டாள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "அந்தப் புது மெஷினே போதும். ஆள நம்பி ஓடற மெஷின் இனிமே எனக்கு வோணாம்." கேட் திறந்து வண்டி கிளம்பியதும், "திருநாளுக்கு எல்லாரும் வருவாங்க. அவர அவசரக்காரன்னு சொன்ன வாயெல்லாம் அங்கதான் இருக்கும். நீ சத்தமா சொல்லு. அப்பால ஷெட்டுக்கு வா" என்றாள்.

காட்டுப்பள்ளி கப்பல் யார்டில் லீவு போட்டுவிட்டு உன் தம்பி வருகிறான். அவன் கை நீளும், எனக்குத் தெரியும். அடி வாங்கினால் வாங்கிக்கொள்கிறேன். என் பயம் அது இல்லை. எல்லாரும் கேட்ட பிறகு பிலோமினா மறுபடி என்னை அண்ணா என்று கூப்பிடாமல் போய்விட்டால்? புது மெஷின் வந்து, நான் பக்கத்தில் இல்லாமல் அவள் தனியாக முதல் பலகையை மாட்டினால்? குமிழ் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். பலகைக்குள் ஓடும் விரிசலை யார் பார்ப்பார்கள்? ஸ்க்ரூ இறுகியிருக்கிறதா என்று யார் இரண்டாவது தடவை தொட்டுப் பார்ப்பார்கள்? அவள் சேர்த்துக்கொண்டாலும் நான் பார்த்துச் சொன்னால் அவள் நம்புவாளா?

நேரில் பேசினால் நாக்கு வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். எட்டு மாதம் அப்படித்தான் போனது. அதனால்தான் எழுதி வைத்தேன். நாளைக்குச் சாமியார் மந்திரித்த தண்ணீர் தெளித்து முடித்ததும், உன் சிலுவைக்கு முன்னால் நின்று, உன் தம்பி காதிலும் தெரு காதிலும் விழும்படி இந்தக் கடிதத்தைப் படிக்கிறேன். நடுவில் யார் தடுத்தாலும், பெல்ட்டை மாற்றாதவன் நான் என்கிற வரியைப் படிக்காமல் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன். உன் மேல் சத்தியம்.

நாளைக்குப் பிறகும் மச்சான் என்று கூப்பிடுவாயா என்று தெரியாமல்,
உன் மச்சான்
சேவியர்